சீன உணவகத்தைச் சீன எழுத்தில் தேடுங்கள்

நல்ல சீன உணவகம் வேண்டுமா? கூகுள் மேப்ஸில் 'சைனீஸ் ரெஸ்டாரன்ட்' என்று போடாமல், சாப்பிட நினைக்கும் பதார்த்தத்தின் பெயரைச் சீன எழுத்தில் ஒட்டித் தேடுங்கள். மொழி தெரிய வேண்டியதில்லை. மாப்போ டோஃபு (காரமான டோஃபு பதார்த்தம்) என்றால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அதைப் பற்றிய பக்கத்திலேயே சீனப் பெயர் இருக்கும்; அதை நகலெடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியைவிட இது நம்பகமானது. செயலி சில சமயம் பெயரைச் சொல் சொல்லாகப் பிய்த்து மொழிபெயர்த்துவிடும்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் நகரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். அங்கே சீனர்கள் அதிகம். பலர் விமர்சனத்தைத் தங்கள் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத் தேடலில் கண்ணில் படாத சின்னக் கடைகள் இப்படித் தேடினால் சிக்கும். கடையின் பக்கத்தைத் திறந்ததும், விமர்சனப் பகுதியிலுள்ள தேடலில் அதே சொல்லை ஒட்டிப் பாருங்கள். அந்தப் பதார்த்தத்தைப் பலர் சொல்லியிருந்தால் தைரியமாகப் போகலாம். நட்சத்திரம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் நான் கண்டுகொள்வதில்லை. பரிமாறுபவர் சிரிக்கவில்லை என்பதற்கே ஒன்றைக் குறைக்கிறவர்கள் உண்டு.

சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் வகையறாவுக்கு இது உதவாது. அது கொல்கத்தா சீனர்கள் வழியாக வந்த சமையல். டொராண்டோவில் அதற்கு 'ஹக்கா' (அந்தச் சீனர்களில் பலருடைய சமூகத்தின் பெயர்) என்று ஆங்கிலத்திலேயே தேடினால் போதும். அப்புறம், சென்னை, மதுரை மாதிரி சீனர்கள் குறைவாக இருக்கும் ஊர்களில் சீன எழுத்தில் விமர்சனம் கிடைப்பதே அபூர்வம்.