ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு இன்ஷூரன்ஸ் போடும் முன் ஒரு நாள் மாலை செய்ய வேண்டிய வேலை

"பேங்க்ல லோன் போட்டப்பவே இன்ஷூரன்ஸும் போட்டுட்டாங்க மாமா" என்று என் மச்சினன் சொன்னபோது நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. திருப்பூரில் எட்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் எடுத்து, அதாவது அடுத்தவர் அனுப்பும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறான். ஒரு ஞாயிறு இரவு மெயின் போர்டில் பிடித்த தீ பக்கத்திலிருந்த துணி ரோல்களுக்குப் பரவிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் ரோல்கள் மேலே கருகி, உள்ளே தண்ணீர் ஊறிக் கனத்துக் கிடந்தன. பாலிசியை எடுத்துப் படித்தோம். மெஷினுக்கும் அவனுடைய சொந்தச் சரக்குக்கும் மட்டும்தான் காப்பீடு. எரிந்த துணியில் முக்கால்வாசி, தைத்துத் தரச் சொல்லிப் பார்ட்டி அனுப்பியது. அதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, பார்ட்டிக்குத் தர வேண்டிய அந்தத் துணியின் விலையைக் கூலியில் கழித்துக் கழித்தே அடைத்தான்.

அதனால் ஏஜென்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நாள் மாலை வேலை முடிந்ததும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு யூனிட்டைச் சுற்றி வாருங்கள். பவர் டேபிள், ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்ற தையல் மெஷின்கள், அயர்ன் டேபிள், ஜெனரேட்டர், வாடகைக் கட்டடமாக இருந்தாலும் நீங்கள் காசு போட்டு இழுத்த வயரிங், எல்லாவற்றையும் எழுதுங்கள். பக்கத்தில் பில்லில் உள்ள பழைய விலையைப் போடாதீர்கள், இன்றைக்குப் புதிதாக வாங்கினால் என்ன ஆகும் என்பதைப் போடுங்கள். சரக்குக்கு மட்டும் கணக்கு வேறு: விற்கும் விலை இல்லை, உங்களுக்கு அடக்கமான விலை. அதுவும் ஆடிட்டர் மார்ச் 31-க்குக் காட்டிய ஸ்டாக் வேண்டாம், தீபாவளி ஆர்டர் நேரத்தில் குடோன் நிறைந்து நிற்குமே, அந்த அளவைப் போடுங்கள். அடுத்தவர் துணியைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், டெலிவரி சலானில் மதிப்பு இருக்கும்.

இந்தக் கணக்கில் குறைத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதைப் பலர் கிளெய்ம் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். உங்களிடம் 40 லட்சத்துக்குப் பொருள் இருக்கிறது, பிரீமியம் மிச்சம் என்று 24 லட்சத்துக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 10 லட்சத்துக்கு எரிந்தால், 24 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுசாக வரும் என்று நினைப்போம். வராது. 40-க்கு 24 என்ற அதே விகிதத்தில் 6 லட்சம்தான் கணக்கிடுவார்கள்.

கேட்டு வாங்க வேண்டிய அடிப்படை பாலிசியின் பெயர் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஒரே இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் இதைக் கொடுக்க வேண்டும். அடிப்படை வாசகம் எல்லோரிடமும் ஒன்றுதான், விலைதான் மாறும், ஆகவே மூன்று இடத்தில் விலை கேளுங்கள். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். மதிப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் மேலே சொன்ன விகித வெட்டும் கிடையாது. ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் ஒரு மோட்டார் தானாகவே கருகினால் அந்த மோட்டாருக்குப் பணம் வராது, அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்றவற்றுக்குத்தான் வரும். அடுத்தவர் துணிக்கு, "பிறருக்குச் சொந்தமாக, என் பொறுப்பில் உள்ள சரக்கு" என்ற வரி தொகையோடு பாலிசியில் அச்சாகி வர வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். குடோன் வேறு தெருவில் இருந்தால் அந்த முகவரியும் இருக்க வேண்டும். கதவு எண் வரை நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாதாரணத் திருட்டு இதில் வராது. அதற்குத் தனியாக பர்க்ளரி பாலிசி உண்டு, அதிலும் பூட்டையோ ஜன்னலையோ உடைத்து நுழைந்த தடயம் கேட்பார்கள்.

அப்புறம் ஆட்கள். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே வேலை செய்யும் யூனிட் பெரும்பாலும் இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுக்குள் வராது. அப்படியானால் வேலையில் ஒருவருக்குக் கை போனாலோ உயிர் போனாலோ சட்டப்படி இழப்பீடு கொடுக்க வேண்டியவர் முதலாளிதான். மாதம் 15,000 சம்பளம் வாங்கும் முப்பது வயதுக்காரர் இறந்தால் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்கினால் 15 லட்சத்துக்கு மேல் போகிறது. எட்டு மெஷின்காரர் அதை எங்கிருந்து எடுப்பார்? அந்தக் குடும்பம்தான் என்ன செய்யும்? தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டியும் போடாதீர்கள்.

பேங்க் போட்ட பாலிசி இருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். பேங்க் பார்ப்பது தன் கடனுக்கு ஈடான பொருளை. மிச்சத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பிரீமியத்தோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும், பதிவு உள்ளவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொன்னால் பெரும்பாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பாலிசி கைக்கு வந்ததும் மெஷின் பில், சலான், யூனிட்டின் நாலு மூலையிலும் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் வீட்டில் இருப்பவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மச்சினனின் பில் புத்தகமும் துணியோடு சேர்ந்து எரிந்துபோனது. ஏதாவது நடந்தால் அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள், தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கையும் வாங்குங்கள். மீதியைக் காப்பாற்ற எடுத்து நகர்த்தலாம், ஆனால் எரிந்ததையும் நனைந்ததையும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும் வரை குப்பைக்கு அனுப்பாதீர்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதையும் மறுத்தாலோ, ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டாலோ, தனி உரிமையாளரும் குறுந்தொழில் நடத்துபவரும் சென்னையில் உள்ள, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.