வீட்டுக்கு வரும் நர்ஸ்: செலவைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

படுக்கையில் கிடப்பவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் குடும்பத்தார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "கூடவே தங்குற மாதிரி ஒரு நர்ஸ் கிடைப்பாங்களா?" தொகையைச் சொன்னதும் அடுத்தது: "கொஞ்சம் குறைச்சுக்க மாட்டாங்களா?" பாதித் தவறுகள் இந்த இரண்டு கேள்விகளிலேயே இருக்கின்றன.

24 மணி நேரமும் நர்ஸ் தேவைப்படும் நோயாளிகள் குறைவு. குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற, புரட்டிப் படுக்க வைக்கப் பழகிய உதவியாளரோ வீட்டாரோ போதும். நர்ஸ் படித்தவர்தான் செய்ய வேண்டியவை வேறு: கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு டிரஸ்ஸிங், நரம்பில் போடும் ஊசி, மூக்குக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இவை அநேகமாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஒரே வட்டாரத்தில் ஐந்தாறு வீடுகளைப் பார்க்கும் நர்ஸுக்கு முழுச் சம்பளம் கிடைக்கும், ஒவ்வொரு வீடும் ஒரு பங்குதான் தரும். மலிவு இந்த வழியாக வர வேண்டும், அவர் சம்பளத்தைக் கிள்ளி அல்ல.

கிள்ளினால், வேறு நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார். புதிதாக வருபவருக்குப் போன வாரம் புண் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரியாது. வீட்டுக்கு வீடு போகும் நேரத்தைச் சம்பளத்தில் சேர்க்காமல் விடுவதும் கிள்ளுவதுதான். உலகில் 59 லட்சம் நர்ஸ்கள் குறைவு என்று உலக சுகாதார அமைப்பின் 2020 அறிக்கை சொன்னது. அப்படியிருந்தும் படித்து முடித்த இளம் நர்ஸ்கள் பலர் வேலை தேடி அலைகிறார்கள். ஆள் இல்லாமல் இல்லை. அவர்களை நிறுத்தி வைக்கும் சம்பளமும் ஏற்பாடும்தான் பல இடங்களில் இல்லை.

அடுத்த பெரிய தவறு, படிப்பு முடித்த கையோடு ஒருவரைத் தனியாக அனுப்பிவிடுவது. இது இன்று வந்த சிக்கல் இல்லை. 1859-ல் லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தன் மனைவியின் கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்ட மேரி ராபின்சன் என்ற நர்ஸைத் தன் செலவிலேயே ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். மூன்று மாதம் பார்ப்பதாகப் பேச்சு. ஆனால் அங்கே கண்ட துன்பம் தாங்காமல் அந்தக் கெடு முடியும் முன்பே அவர் அழுதுகொண்டு திரும்பி வந்தார். ராத்போன் சமாதானம் சொல்லித் தொடரச் செய்தார். மூன்று மாதம் முடிந்தபோது அவர் பழைய வேலைக்குப் போக விரும்பவில்லை. அனுபவமுள்ள நர்ஸுக்கே அந்த நிலை! வார்டில் ஒரு சந்தேகம் என்றால் பக்கத்தில் சீனியர் இருப்பார், வீட்டில் யார் இருக்கிறார்கள்? எனவே முதல் சில வாரங்கள் சீனியருடன் சேர்ந்தே போகட்டும். அப்புறம் அழைத்தால் எடுக்கும் ஒரு எண் கையில் இருக்கட்டும். டாக்டரின் உத்தரவு வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்தில் இருக்கட்டும். முன்பின் தெரியாத வீட்டுக்கு முதல் முறை பகலில், துணையோடு போகட்டும்.

நர்ஸ் ஒரு மணி நேரம் இருக்கிறார் என்றால் மீதி 23 மணி நேரம் வீட்டாருடையது. அவர்களுக்குச் சொல்லித் தராமல் போனால் அந்த ஒரு மணி நேரமும் வீண். படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்தால் நன்றாகத் தேய்த்துவிடுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு, உள்ளே நைந்திருக்கும் திசுவுக்கு அது இன்னும் கேடு. வளையம் போன்ற காற்றுத் தலையணையும் வேண்டாம், சுற்றியுள்ள தோலுக்கு வரும் ரத்த ஓட்டத்தை அது அழுத்துகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள்.

கதீட்டரிலிருந்து சிறுநீர் வந்து சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. ஆளைத் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைத்துவிடுகிறார்கள். பைக்குப் போனது திரும்பி உள்ளே வரும், கூடவே கிருமியும். மூக்குக் குழாயில் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே. இன்சுலின் ஒரு முறை உறைந்துவிட்டால் உருக்கிப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊசியைத் திரும்ப மூடியில் செருகுவது கையைக் குத்திக்கொள்ளும் வழி. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காதீர்கள்.

ஒரு நோட்டு வேண்டும். தேதி, ரத்த அழுத்தம், சர்க்கரை, புண்ணின் நீள அகலம், என்ன மருந்து எத்தனை மணிக்கு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான்.

நர்ஸ் வருகிறார் என்ற தெம்பில் மருத்துவமனையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினால், மூச்சு வாங்கினால், கதீட்டர் போட்டும் சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பினால் நாளைக்கு வரும் நர்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, ஏஜென்சி நடத்துபவர்கள் செய்யும் ஒன்று. வருகைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். புண் ஆறி வருகிறது, இனி வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்று நர்ஸுக்குத் தெரியும். சொன்னால் அவர் வருமானம் குறையும். சரி, சொல்வாரா? நெதர்லாந்தில் யோஸ் டி பிளாக் என்ற நர்ஸ் 2006-ல் தொடங்கிய பூர்ட்சோர்க் என்ற வீட்டு நர்சிங் அமைப்பில், அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழு ஒரு வட்டாரத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. யார் எந்த வீட்டுக்கு எத்தனை முறை போவது என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. ஏஜென்சி நடத்துபவரானால், உங்கள் குழு மூன்று பேராகக்கூட இருக்கட்டும். மாதச் சம்பளம் கொடுத்துவிட்டு, எந்த வீட்டில் வருகையைக் குறைக்கலாம் என்று வாரம் ஒரு முறை அவர்களிடமே கேளுங்கள்.