கொல்லையில் காளான் குடில்: வெயிலைத் தடுத்துக் கட்டும் முறை

சிப்பிக் காளான் வளர்க்க நினைக்கும் பலரும் முதலில் விசாரிப்பது விதை எங்கே கிடைக்கும் என்பதைத்தான். விதை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பாகவே குடிலைக் கட்டி, அதன் உள்ளே வெப்பம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விதையிலிருந்து கிளம்பும் வெண்ணிறப் பூசண இழை வைக்கோலில் பரவுவதற்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். மொட்டு விட்டு விரிவதற்கோ 23 முதல் 25 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் நண்பகல் வெப்பம் 38 டிகிரியைத் தொடும்போது, வெளியே இருக்கும் அந்த அனலுக்கும் காளான் கேட்கும் குளிர்ச்சிக்கும் இடையே நிற்பது குடில் ஒன்றுதான். குளிரூட்டும் இயந்திரம் வைக்காமல், கீற்றும் சாக்கும் மணலும் தண்ணீரும் கொண்டே அந்த வேலையை நடத்தும் முறையை இங்கே சொல்கிறேன்.

வீட்டுக் கொல்லைக்கு 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள குடில் போதுமானது. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயில் அப்போது குறுகிய பக்கச் சுவர்களில் மட்டுமே படும். மாமரம், புளியமரம் போன்றவற்றின் நிழல் கிடைத்தால் நல்லது. ஆனால் மாட்டுக் கொட்டகைக்கும் எருக்குழிக்கும் அருகில் கட்ட வேண்டாம், அங்கே பெருகும் சிறு ஈக்கள் காளான் படுக்கையை, அதாவது வைக்கோலும் விதையும் நிரப்பிய பையை, தேடி வந்துவிடும். வைக்கோல் வேகவைக்கும் அடுப்பை, காற்று குடிலை நோக்கி வீசாத பக்கமாக, குறைந்தது 30 அடி தள்ளிப் போடுங்கள்.

குடிலுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகவே இறங்குகிறது. இதை நான் கற்றுக்கொண்டது முதல் ஆண்டில் 60 படுக்கைகளை இழந்த பிறகுதான். பழைய சிமெண்ட் ஷீட் கொட்டகை ஒன்று கொல்லையில் சும்மா கிடந்ததால், நான்கு பக்கமும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அதையே குடிலாக்கிக்கொண்டேன். சுவர்ப் பக்கம் தொட்டால் சில்லென்று இருந்தது, மொட்டுகளும் வந்தன. மூன்றாம் நாள் பிற்பகலில் உள்ளே போனபோது, படுக்கைகளைத் தொங்கவிடும் உறியின் மேல் வரிசையில் இருந்த மொட்டுகள் எல்லாம் மஞ்சளாகி, ஓரம் சுருங்கி, விரலால் தொட்டால் காய்ந்த அப்பளம் போல நொறுங்கின. கீழ் வரிசையில் அதே நாளில் வந்த மொட்டுகள் நன்றாகவே இருந்தன. ஷீட்டுக்கு ஓர் அடி கீழே கையை நீட்டியதும், அடுப்புக்கு முன் நிற்பது போன்ற அனல் உள்ளங்கையில் பட்டது. காய்ந்த ஷீட் காற்றைச் சூடாக்குவதோடு நிற்பதில்லை, தன் வெப்பத்தை நேராகக் கீழே வீசவும் செய்கிறது. பக்கத்துச் சாக்கு எவ்வளவு நனைந்திருந்தாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆகவே புதிதாகக் கட்டுகிறவர்கள் முடைந்த தென்னங்கீற்றால் கூரை வேய்வதே சிறந்தது. வேலை தெரிந்தவரிடம் நெருக்கமாக வேயச் சொல்லுங்கள். ஒரு கீற்றின் மேல் அடுத்த கீற்று முக்கால் பங்கு ஏறி நிற்க வேண்டும். நிழலைக் கொடுப்பது ஓலை. வெப்பத்தைத் தடுப்பதோ, ஓலைக்கும் ஓலைக்கும் இடையே அசையாமல் சிக்கி நிற்கும் காற்று. அதனால்தான் மெல்லிய கீற்றுக் கூரை வெயிலை மறைத்தாலும் வெக்கையை மறைப்பதில்லை. சுவர் மட்டம் 8 அடியும் முகடு 12 அடியும் இருந்தால் சூடான காற்று மேலே ஒதுங்க இடம் கிடைக்கும். தாழ்வாரம் சுவரைத் தாண்டி 3 அடி வெளியே இறங்கட்டும். முகட்டின் இரு முனைகளிலும் ஒரு சதுர அடி திறப்பு விட்டு, கொசுவலையை விட நெருக்கமான வலையால் மூடிவிட்டால் மேலே சேரும் அனல் தானாக வெளியேறும்.

ஏற்கெனவே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட கொட்டகை இருந்தால் அதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஷீட்டுக்கு ஓர் அடி கீழே மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி, அதன் மேல் இரண்டு அடுக்குக் கீற்றைப் பரப்பி உள்கூரை அமையுங்கள். ஷீட்டுக்கும் கீற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் இரு முனைகளும் திறந்திருக்க வேண்டும். அடைத்துவிட்டால் அங்கே தேங்கும் சூடு கீழே இறங்கத்தான் செய்யும். ஷீட்டின் மேற்புறத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் நன்றாக உதவுகிறது, ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. உள்கூரைக்குத் தெர்மாகோல் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பத்தை அது தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் எலியும் எறும்பும் அதில் குடியேறும், தீப்பிடித்தால் நச்சுப்புகை வரும். கீற்று கிடைக்கும் ஊரில் அதற்குத் தேவை இல்லை.

சுவருக்குத் தென்னங்கீற்றுத் தட்டியே போதும். தட்டியின் உட்புறத்தில் அரை அடி தள்ளிச் சணல் சாக்குகளைத் தைத்துத் திரை போலத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் சாக்கு இதற்கு உதவாது, ஏனெனில் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வதில்லை. சாக்கின் மேல் விளிம்பில் சிறு துளையிட்ட சொட்டுநீர்க் குழாயை ஓட்டினால் நாள் முழுவதும் கையால் நனைக்கும் வேலை மிச்சம். தரையில் சிமெண்ட் பூசாமல், மண்ணைக் கெட்டித்து அதன் மேல் மூன்று அங்குலம் மணல் பரப்பி எப்போதும் ஈரமாக வைத்திருங்கள். பானையைச் சுற்றி மணலைக் குவித்து நனைத்து வைப்பதன் அதே தத்துவம்தான் இங்கும் வேலை செய்கிறது.

நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது என்றாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. வெளியே 38 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் இருந்தால், எவ்வளவு தெளித்தாலும் உள்ளே ஏறத்தாழ 27 டிகிரிக்குக் கீழே போகாது. நடைமுறையில் 29, 30 டிகிரியிலேயே நின்றுவிடும். கடலோர ஊரில் 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் அந்த எல்லையே 29 டிகிரி. ஆகவே நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ குடில் கட்டுகிறவர்கள் தண்ணீரை நம்புவதை விடக் கூரையின் தடிமனை நம்ப வேண்டும். கோயம்புத்தூர், திண்டுக்கல் போன்ற உள்மாவட்டத்தார் தண்ணீரால் அதிகப் பயன் பெறலாம். காலை பத்து மணிக்கு முன்பே சாக்கையும் மணலையும் நனைத்துவிடுங்கள். நண்பகலில் காய்ந்த பிறகு நனைத்தால், ஏறிய சூட்டை இறக்கவே மாலை ஆகிவிடும்.

குடிலை இரண்டு அறைகளாகப் பிரிக்க வேண்டும். முதல் அறை இழை பரவுவதற்கு: இருட்டாகவும் ஓரளவு காற்றோட்டத்துடனும் இருந்தால் போதும். இரண்டாவது, காளான் வளரும் அறை: புத்தகத்தைப் படிக்கும் அளவுக்கு வெளிச்சமும் நல்ல காற்றோட்டமும் ஈரமும் வேண்டும். குளிர்ச்சி வெளியேறிவிடும் என்று பயந்து எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இழை மூச்சுவிட்டு வெளியிடும் கரியமில வாயு உள்ளே தேங்கினால் காம்பு நீண்டு, குடை சுண்டைக்காய் அளவிலேயே நின்றுவிடும். தரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் வலையடித்த திறப்புகளை வைத்து, விடியற்காலையிலும் இரவிலும் நன்றாகத் திறந்து, வெயில் நேரத்தில் பாதி மூடுங்கள். வாசலுக்கு இரட்டைக் கதவும், மிதித்து வருவதற்கு பிளீச்சிங் பவுடர் கலந்த ஈரச் சாக்கும் இருக்கட்டும். மின்கம்பிகளைக் கட்டாயம் குழாய்க்குள் ஓட்டுங்கள். கூரை ஓலை, உள்ளே ஈரம் என்ற இரண்டையும் எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

படுக்கை போடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழையில் நனையாத, பொன்னிறமான புது வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஐந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, நிழலில் உலர்த்துங்கள். கையால் இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். 60க்கு 30 செ.மீ. பிளாஸ்டிக் பையில், நடுவே இரண்டு சிறு துளைகள் இட்டு, வைக்கோலையும் விதையையும் அடுக்கடுக்காக நிரப்பிக் கட்டினால் 15 முதல் 20 நாளில் பை முழுவதும் வெண்மையாகிவிடும். இந்த நாட்களில் படுக்கையே வெப்பத்தை உண்டாக்கும் என்பதை மறக்க வேண்டாம்; படுக்கையின் நடுப்பகுதி அறையை விடச் சில டிகிரி சூடாக இருக்கும். எனவே பைகள் ஒன்றையொன்று தொடாமல், சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விட்டு உறியில் கட்டுங்கள். குடிலின் ஒரு மூலையில் உள்ள பையில் மட்டும் பச்சைப் பூஞ்சை படர்ந்தால், அங்கே நெருக்கமோ சூடோ கூடியிருக்கிறது என்று பொருள். அந்தப் பையை உடனே வெளியே எடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

பை வெள்ளையான பிறகு அதைக் கிழித்து நீக்கி, படுக்கையைக் காளான் அறைக்கு மாற்றுங்கள். கைத்தெளிப்பானால் புகைபோல நீர் தெளித்தால் மூன்று, நான்கு நாட்களில் மொட்டு தெரியும். அடுத்த மூன்றாம் நாள் அறுவடை. தண்ணீர் தெளிப்பதற்கு முன் காலையிலேயே பறித்துவிட வேண்டும். குடை விளிம்பு மேல்நோக்கிச் சுருளும் வரை விட்டால் வித்துத்தூள் புகைபோலக் கொட்டும். அதைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வருவது உண்டு. அறுவடைக்கு உள்ளே போகிறவர் எவராக இருந்தாலும் முகக்கவசம் அணியட்டும், முக்கியமாக வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

இத்தனை செய்தும் சித்திரை, வைகாசியில் குடில் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், சிப்பிக் காளானை வற்புறுத்திப் பயனில்லை. அந்த மாதங்களுக்குப் பால் காளான் இருக்கிறது. அது 30 முதல் 35 டிகிரியை விரும்புகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் இதற்குப் பொருத்தமானது. படுக்கையின் மேல் மேல்மண் போடும் வேலை ஒன்று அதற்குக் கூடுதலாக உண்டு.

விதை வாங்கும் முன் வெற்றுக் குடிலை ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். இரண்டு வெப்பமானிகளை வாங்கி, ஒன்றைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்திலும், இன்னொன்றை உறியின் மேல் வரிசை வரும் உயரத்திலும் தொங்கவிட்டு, காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு எட்டு மணி என மூன்று வேளையும் குறித்து வையுங்கள். இரண்டு மணிக்கு மேலேயும் கீழேயும் உள்ள வேறுபாடு மூன்று டிகிரிக்கு மேல் இருந்தால், இன்னும் ஓர் அடுக்குக் கீற்று போட்ட பிறகு விதைக்குச் சொல்லி அனுப்புங்கள்.