இணையப் புகழ் உங்களுக்கு வேண்டுமா என்பதைக் கண்டறிவது எப்படி

தில்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது கைப்பேசியில் ஏதேனும் அமைத்துத் தர வேண்டுமென்றால், என் வீட்டு அழைப்பு மணியைத்தான் அடிப்பார்கள். கடந்த சில ஆண்டுகளில் யூடியூப் சேனல் தொடங்கித் தரும்படி கேட்டு வந்தவர்கள் ஒரு டஜனுக்குக் குறையமாட்டார்கள். பணி ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி, பாட்டு சொல்லித்தரும் ஆசிரியை, மூன்றாம் மாடி மாமி, பன்னிரண்டாம் வகுப்புப் பையன் எனப் பலவிதமானவர்கள். சேனல் தொடங்கப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படுகிறது. அந்த மாலைப்பொழுதில் நான் கேட்கும் கேள்விகளையும், செய்யச் சொல்லும் சோதனைகளையும் இங்கே எழுதுகிறேன். புகழ் வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது வேறு ஏதோ ஒன்று என்பதும், அந்த ஒன்றை இதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்பதும் என் அனுபவம்.

முதலில் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீடியோவை யார் யார் பார்த்தால் உங்கள் மனம் குளிரும் என்று பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். பெயர்கள் மளமளவென்று வந்தால், உங்களுக்கு வேண்டியது புகழ் அன்று. அந்தப் பத்துப் பேரின் பாராட்டு. மூன்றாம் மாடி மாமி ஒன்பது பெயர்களை எழுதினார். மயிலாப்பூரில் இருக்கும் அக்கா, இரண்டு மன்னிகள், சித்தி பெண்கள் என்று போன பட்டியலின் கடைசியில், நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனாரின் பெயரைச் சற்று அழுத்தி எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நாத்தனார் மாமியின் ரசத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாராம். இந்த வகை ஆசைக்கு உலகத்தையே கூட்டிவைக்க வேண்டியதில்லை. யூடியூபில் ஒரு வீடியோவைப் பதிவேற்றும்போது பொது, பட்டியலிடப்படாதது, தனிப்பட்டது என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு கிடைத்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள். தேடுகிறவர்களின் கண்ணில் படாது. அந்த இணைப்பைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டால் காரியம் முடிந்தது.

தாளில் பெயர்களுக்குப் பதிலாக 'மாணவர்கள்', 'வாடிக்கையாளர்கள்' என்ற சொற்கள் வந்தால், அது தொழில் விளம்பரம். பாட்டு ஆசிரியைக்கு வேண்டியிருந்தவர்கள் மெட்ரோவில் வந்துபோகும் தொலைவில் இருக்கும் பத்து மாணவர்கள். அவர் பாடுவதைக் கோயம்புத்தூரில் ஐம்பதாயிரம் பேர் கேட்பதால் மயூர் விஹாரில் வகுப்பு நிறைந்துவிடாது. கூகுள் வரைபடத்தில் வகுப்பின் பெயரைப் பதிவுசெய்து, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டும் ஒட்டச் சொன்னேன். நான்கு மாதத்தில் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

இரண்டாவது சோதனை முகத்தைப் பற்றியது. உங்கள் பெயரும் முகமும் எங்கும் தெரியாமல், கைகளும் குரலும் மட்டும் வரும்படி இதே வீடியோவைச் செய்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்வேன் என்றால் உங்களுக்குப் பிடித்திருப்பது வேலை. 'அப்படியானால் எதற்கு?' என்று தோன்றினால், உங்களைப் பிறர் அடையாளம் காண வேண்டும் என்பதே ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அது எப்படி இருக்கும் என்பதை முழுதாகக் கற்பனை செய்ய வேண்டும். மெட்ரோவில் முன்பின் தெரியாத ஒருவர் 'அது நீங்கள்தானே?' என்று கேட்கும் காட்சியைத்தான் எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையில் அம்மாவின் பரிசோதனை முடிவுக்காகக் காத்து நிற்கும்போதும் அதே கேள்வி வரும், கூடவே ஒரு செல்ஃபியும் கேட்பார்கள் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வேண்டும்போது மட்டும் திறந்து மூடுகிற குழாய் அதற்குக் கிடையாது.

இந்த இடத்தில் நான் கொலுவைப் பற்றிச் சொல்வதுண்டு. தலைநகரில் நவராத்திரியின்போது கரோல் பாகிலிருந்து ஜனக்புரி வரை வீடுவீடாகப் போய்க் கொலு பார்க்கிறோம். வீட்டுக்காரர்கள் கூடத்தைத் திறந்துவைக்கிறார்கள், ஆண்டு முழுவதும் சேர்த்த பொம்மைகளைப் படியில் வைக்கிறார்கள், பாராட்டை வாங்கிக்கொண்டு சுண்டல் கொடுக்கிறார்கள். விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். கூடம் மட்டும்தான் திறக்கிறது, படுக்கையறை திறப்பதில்லை. யார் வருகிறார்கள் என்பதும் தெரியும். ஒன்பது நாள் என்ற கணக்கும் உண்டு. சாதாரண மனிதர்களுக்கு வேண்டிய அளவு புகழ் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே சேனல் தொடங்குவது என்று முடிவுசெய்தவர்களிடமும், எந்த அறை திறக்கிறது, எத்தனை நாளைக்குத் திறக்கிறது என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அடுத்தது கணக்கு. யூடியூபில் விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், அதோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாள்களில் ஷார்ட்ஸ் என்னும் குறு வீடியோக்களுக்கு 1 கோடி பார்வைகளோ தேவை. நாலாயிரம் மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 80,000 பார்வைகள் வேண்டும். வாரம் ஒரு வீடியோ வீதம் ஆண்டுக்கு 52 போட்டால், ஒவ்வொன்றையும் சுமார் 1,540 முறை பார்த்திருக்க வேண்டும். இது பணம் வருவதற்கான கதவு வரை போகும் தூரம் மட்டுமே. கதவுக்குள் போன பிறகு நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் படைப்பாளிக்கு 55 சதவீதம் கிடைக்கும். ஷார்ட்ஸில் படைப்பாளிகளுக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதம். ஓய்வு பெற்ற அதிகாரி இந்தக் கணக்கைத் தாளின் ஓரத்தில் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, தம்முடைய பணிக்கால நினைவுகளை எழுதிப் பேரனுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி எழுந்துகொண்டார்.

கணக்குக்குப் பிறகும் ஆசை தணியாதவர்களுக்கு ஒரு ஒத்திகை இருக்கிறது. வெளியிடாமல் பத்து வீடியோக்களை எடுத்துவிடுங்கள். நான்காவதிலேயே அலுப்புத் தட்டினால் நஷ்டம் எதுவும் இல்லை. மாமி நாத்தனாருக்கு ரசம் வீடியோவை அனுப்பிய பிறகும் விடவில்லை என்பதால், இந்த ஒத்திகையை அவரோடு செய்தேன். ஐந்தாவது வீடியோ ஜனவரியில் எடுத்தது. தில்லிக் குளிரில் இட்லி மாவு புளிக்காது என்பது இங்கே இருக்கும் ஒவ்வொரு தமிழ் வீட்டின் மார்கழிக் கவலை. அன்று இரவும் வெப்பநிலை ஐந்து டிகிரிக்குக் கீழே போயிருந்தது. சர்க்கரை டப்பாவின் மேல் பெருங்காய டப்பாவை வைத்து, அதில் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்தியிருந்தேன். மாமி வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்த மாவில் கல்லுப்பைப் போட்டுக் கையாலேயே கரைத்தார். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டார். ஓவன் இல்லாதவர்களுக்காக இன்னொரு பாத்திரத்தை ஹாட் கேஸுக்குள் இறக்கி, ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையைச் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் ஒரு தட்டுத் தட்டினார். மறுநாள் காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்தபோது மாவு விளிம்பு வரை பொங்கி நின்றது. கரண்டியால் ஓரத்தைக் கீறியதும் உள்ளே சின்னச் சின்னக் குமிழ்கள் வெடித்தன. முகம் எங்கும் வரவில்லை. வளையல் சத்தமும் 'இப்போ பாருங்கோ' என்ற குரலும் மட்டும்தான்.

அதைப் பொதுவில் போட்டோம். முதல் வாரம் 41 பார்வைகள். அவற்றில் பாதி எங்கள் மாடிப்படியிலேயே முடிந்தவை. பிறகு குருகிராமிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் கருத்துகள் வந்தன. டொராண்டோவிலிருந்து ஒரு பெண், மாவு பொங்கிவிட்டது என்று புகைப்படமே அனுப்பியிருந்தார். ஹோலி வந்ததும் பார்வைகள் நின்றுவிட்டன. தேவைப்படுகிறவர்கள் தேவைப்படும் மாதத்தில் வந்து பார்க்கிறார்கள், காரியம் ஆனதும் போய்விடுகிறார்கள். மாமிக்கு இதில் ஏமாற்றம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் வேறு ரகம். அவன் மூன்று சோதனைகளையும் நேர்மையாகச் செய்துவிட்டு, 'ஆமாம் அங்கிள், எனக்கு ஃபேமஸ் ஆகத்தான் வேணும்' என்றான். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபதேசம் உதவாது, ஏற்பாடுகள்தாம் உதவும். இனி வருபவை அவர்களுக்கு.

வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள்; வேலை செய்ய வருகிற அம்மாவும் இதில் அடக்கம். பால்கனியிலிருந்து தெரியும் மெட்ரோத் தூணின் எண், பள்ளிச் சீருடை, கார் நம்பர், கதவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை ஆகியவை சட்டகத்துக்குள் வரக்கூடாது. இவற்றில் இரண்டைச் சேர்த்துப் பார்த்தாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். தில்லி மெட்ரோவில் ரீல்ஸ் எடுப்பதற்கு நிர்வாகம் தடை விதித்திருக்கிறது. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் அனுமதியின்றி முக்காலியை நிறுத்த முடியாது. மலை மந்திர் போன்ற இடங்களில் நம்மவர் கோயில்தானே என்று சன்னதிக்கு நேரே கைப்பேசியை நீட்டாமல், அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை.

இலவசமாகப் பொருள் அனுப்புகிறோம் என்று நிறுவனங்கள் எழுதத் தொடங்கினால், அதைப் பெற்றுக்கொண்டதை வீடியோவில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தவறான பரிந்துரைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்ச ரூபாய் வரை அபராதம் உண்டு. 2022 ஜூலையில் வந்த வருமான வரி விதிப்படி, ஒருவரிடமிருந்து ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள்களைப் பெற்று வைத்துக்கொண்டால் 10 சதவீத வரிப் பிடித்தம் செய்யப்படும். மிக்ஸியைச் சும்மா தருகிறார்கள் என்று மகிழ்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டம் திடீரென்று வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும். இந்த ஊரில் மாளவியா நகர் 'பாபா கா டாபா'வை மறந்தவர்கள் குறைவு. 2020 அக்டோபரில், கொரோனாவால் வியாபாரம் படுத்துப்போன முதிய தம்பதியின் கண்ணீர் ஒரு வீடியோவில் பரவியது. மறுநாளே கடை முன் வரிசை நின்றது. சில வாரங்களில் நன்கொடைப் பணம் பற்றிய புகார் காவல் நிலையம் வரை போனது. ஆண்டு முடிவதற்குள் புதிய உணவகம் ஒன்று திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அது மூடப்பட்டு, அவர்கள் பழைய கடைக்கே திரும்பினார்கள். இதில் யார்மீது குற்றம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பணம் யாருடைய கணக்குக்கு வரும், யார் எழுதிவைப்பார் என்பதைக் கூட்டம் வரும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பையனுக்கு நான் எழுதிக் கொடுத்த ஏற்பாடு இது: கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு முறையும் அடையாளம் கேட்பது), கருத்துகளை ஒப்புதலுக்குப் பிறகே காட்டும் அமைப்பு, ஒரு வீடியோ பற்றிக்கொண்டால் முதல் 24 மணி நேரம் யாருக்கும் பதில் எழுதாமல் இருப்பது, விளம்பர ஒப்பந்தம் என்று வரும் மின்னஞ்சலின் இணைப்புக் கோப்புகளைத் திறக்காமல் இருப்பது. சேனல்களைத் திருடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகவே நுழைகிறார்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதம் ஆக ஆகப் பணத்தை நிறுத்திவைப்பது கடினமாகும். கருத்துகளை முதல் மாதம் அம்மாவோ அக்காவோ படித்துத் தரட்டும் என்றும் சொன்னேன். எழுதியவருக்கு அரை நிமிட வேலையாக இருப்பது, படிக்கிறவனின் மனத்தில் பரீட்சை முடியும் வரை தங்கிவிடும்.

இன்னொன்று, நீங்கள் வீடியோவைப் பரப்பிவைக்கும் கடை உங்களுடையது அன்று. 2020 ஜூன் 29 அன்று இரவு டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடைசெய்தபோது, லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த சாதாரண மனிதர்கள் பலர் தங்கள் மேடையையே இழந்தார்கள். அதனால் எடுத்த வீடியோக்களின் மூலப் பிரதியைத் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருங்கள்.

விட்டுவிடலாம் என்று தோன்றும்போது அழிப்பதற்கு அவசரப்பட வேண்டாம். அழித்த வீடியோ திரும்ப வராது. 'தனிப்பட்டது' என்று மாற்றினால் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, மனம் மாறினால் திறந்துகொள்ளலாம். ஆனால் இதற்குள் பிறர் பதிவிறக்கிப் பகிர்ந்தவை உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த வீடியோவையும் போடுவதற்கு முன் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: பத்து ஆண்டுகள் கழித்து இதை உங்கள் மேலதிகாரியோ சம்பந்தியோ பார்த்தால் பரவாயில்லையா? பையன் தன் பத்து ஒத்திகை வீடியோக்களை இந்தக் கேள்வியோடு மறுபடி பார்த்து, மூன்றை மட்டும் வைத்துக்கொண்டான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் முதல் வீடியோவைப் போடுவதாகத் தேதியும் குறித்திருக்கிறான். மாமி மாவு வீடியோவைப் பங்குனியில் தனிப்பட்டதாக மாற்றிவிட்டு, கார்த்திகை பிறந்ததும் மறுபடி திறக்கச் சொல்லி என் வீட்டு மணியை அடிக்கிறார்.