பழைய காருக்குப் பெரிய இன்ஜின்: எங்கே சறுக்குகிறது

மலிவாகக் கிடைத்ததே என்று இன்ஜினை வாங்கி இறக்கிவிட்டு, அப்புறம் அளவு டேப்பைத் தேடுவதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறவர்கள், சம்ப் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன்பக்கம் தொங்குகிறதா பின்பக்கமா என்று கேட்பதில்லை. அது வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரிலோ ஸ்டியரிங் ராடிலோ இடித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். வெறும் பிளாக்கை வைத்து அளப்பதிலும் பயனில்லை. மேனிஃபோல்ட், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் மாட்டிய நிலையில் அளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் சாயும். அதற்குச் சுற்றிலும் 25 மி.மீ. விடுங்கள். தொழிற்சாலையே சின்ன காரில் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைத் திணித்து 1964-ல் கொண்டுவந்த சன்பீம் டைகரில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்தார்கள். தொழிற்சாலைக்கே அந்தக் கதி.

எடையை சிசி சொல்லாது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் உடம்பில் 2912 சிசி இரும்பு ஆறு சிலிண்டரைப் போட்டு 1967-ல் எம்ஜிசி வந்தது. முன்பக்கம் கனத்து, வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது என்று திட்டு வாங்கியது. அதே உடம்பில் 1973-ல் 3528 சிசி அலுமினிய வி8 ஏறியபோது அந்தத் தொல்லை இல்லை. அதன் எடை பழைய நான்கு சிலிண்டரை ஒட்டியே இருந்தது.

அதிகம் பேர் கோட்டைவிடுவது, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணத்தில். கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்டும் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலின் உள் ஷாஃப்டான பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்: இன்ஜின் பின்பக்கம் 3 டிகிரி தாழ்ந்தால், பினியனின் மூக்கு 3 டிகிரி நிமிர வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள ஒவ்வொரு யூஜே கிராஸிலும் (மடங்கும் மூட்டு) 1 முதல் 3 டிகிரி மடிப்பு இருக்கலாம்; இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஷாஃப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அதிரும். அதை பேலன்ஸ் கோளாறு என்று நினைத்து ஷாஃப்டைக் கழற்றிக் கழற்றி லேத்துக்கு அனுப்புவார்கள், பாவம். மடிப்பே இல்லாமல் நேர்கோட்டில் வைப்பதும் தப்பு; ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேய்ந்து குழி விழும். வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து பாருங்கள், ஜாக்கில் தொங்கும்போது அல்ல. அதுவரை மவுண்டிங்குக்குத் தற்காலிகப் புள்ளி வெல்டிங் போதும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வெர்ட்டரை (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயிலால் விசை கடத்தும் பாகம்) சுற்றிச் சுற்றி கியர்பாக்ஸுக்குள் தள்ளுங்கள். படிப்படியாக 'டொக், டொக்' என்று உள்ளே இறங்கும். கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், இன்ஜின் பக்கத் தகடான ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு முன் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால் உள்ளே ஆயில் பம்ப் உடையும்.

கார்புரேட்டருக்கான பெட்ரோல் பம்ப் தருவது 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம். இன்ஜெக்ஷன் இன்ஜின் கேட்பது 3 முதல் 4 பார் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ), அதாவது சுமார் பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸும் கிளிப்பும் அதைத் தாங்காது. டேங்குக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சும்.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பை மறந்தவர்களை எளிதில் கண்டுபிடிக்கலாம்: ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் புகையும். ரப்பர் மவுண்டிங் இன்ஜினை பாடியிலிருந்து பிரித்துவிடுவதால், ஸ்டார்ட்டரின் கரண்ட் கிடைத்த கம்பி வழியே திரும்புகிறது.

ரேடியேட்டர் மூடி இன்ஜினை விடத் தாழ்ந்திருந்தால் ஹெட்டில் காற்று அடைபடும்; உயரத்தில் ஒரு ஹெடர் டேங்க் (கூலன்ட் தொட்டி) வையுங்கள். கடைசியாக, வேகத்துக்கான கேம் (வால்வைத் திறக்கும் ஷாஃப்ட்) போட்ட இன்ஜினில் ஐடிலில் வாக்கம் (உறிஞ்சும் வெற்றிடம்) குறையும்; பிரேக் பூஸ்டர் அதை நம்பியிருப்பதால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். கேஜ் 15 அங்குலப் பாதரசத்துக்குக் கீழே காட்டினால், தனி வாக்கம் பம்ப் மாட்டாமல் வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.