மார்பகப் புற்றுநோய்க்குப் பின் நெறி கட்டினால் யாரிடம் செல்வது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு அக்குளிலோ, கழுத்திலோ, காரை எலும்புக்கு மேலுள்ள குழியிலோ நெறி கட்டினால், அதாவது நிணநீர்க் கணு வீங்கிக் கட்டியாகத் தெரிந்தால், அதை முதலில் தெரிவிக்க வேண்டியது அந்த நோய்க்குச் சிகிச்சையளித்த மருத்துவக் குழுவிடம்தான். அறுவை செய்த மருத்துவர், மருந்துச் சிகிச்சை தந்த புற்றுநோய் மருத்துவர் ஆகிய இருவரில் யாரை விரைவில் பார்க்க முடியுமோ அவரிடம் செல்லலாம். இருவரில் யார் சரியானவர் என்று யோசித்தே வாரங்களைக் கழித்துவிடுவதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு, பழைய நோயைச் சொல்லாமல் விடுவது. பக்கத்திலுள்ள பொது மருத்துவரிடம் சென்று, கழுத்தைக் காட்டுகிறோம். "வேறு நோய் ஏதாவது உண்டா?" என்று அவர் கேட்கிறார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே குணமாகிவிட்டதே என்ற எண்ணத்தில் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லோடு மருத்துவரின் சிந்தனை வேறு பாதையில் போய்விடுகிறது. சளி, பல் சொத்தை, கையில் ஏற்பட்ட புண், அண்மையில் போட்ட தடுப்பூசி என்று நெறி கட்டுவதற்குச் சாதாரணக் காரணங்கள் நிறைய இருப்பதால், அவர் அவற்றையே நினைப்பார். அதில் அவர் தவறு ஏதும் இல்லை. ஆனால் மார்பகத்தின் நிணநீர் பெரும்பாலும் அக்குளிலுள்ள கணுக்களுக்கும், அங்கிருந்து காரை எலும்புக்கு மேலுள்ளவற்றுக்கும் செல்வதால், அந்த வரலாறு உள்ளவரிடம் அதே கட்டிக்கு வேறு பொருள் இருக்கக்கூடும்.

ஒரு சுற்று ஆன்டிபயாடிக் முடிந்தும் கட்டி கரையவில்லை என்றால் இன்னொரு சுற்று, அதுவும் கேட்கவில்லை என்றால் திசுப் பரிசோதனையே இல்லாமல் காசநோய் மருந்து என்று போவது மிகவும் வருந்தத்தக்கது. தெளிவான தொற்று இருந்தால் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று சிகிச்சைக் குழுவே சொல்லக்கூடும். அந்த முடிவை அவர்கள் எடுக்கட்டும். கல் போல் கெட்டியாக, வலியின்றி, விரலால் தள்ளினால் நகராமல் இருக்கும் கட்டிக்கும், காரை எலும்புக்கு மேல் புதிதாகத் தோன்றும் எந்தக் கட்டிக்கும் இந்தக் காத்திருப்புகூடப் பொருந்தாது. வலி இருந்தால் பயமில்லை என்று தாமாகவே முடிவு செய்வதும் சரியன்று.

"ஐந்து ஆண்டு தாண்டிவிட்டது, இனி வராது" என்ற நம்பிக்கை பலரைத் தாமதிக்க வைக்கிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள வகைப் புற்றுநோய் (உடலின் ஹார்மோன்களால் தூண்டப்பட்டு வளரும் வகை) பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பி வரக்கூடும். தொடர் கண்காணிப்பு முடிந்து அனுப்பப்பட்டவர்கள், குடும்ப மருத்துவரிடம் முழு வரலாற்றையும் சொல்லி, புற்றுநோய்ப் பிரிவுக்கு உடனே பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். அடுத்த ஆண்டுப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டாம். சென்ற மாத மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) நன்றாக இருந்தது என்பதும் ஆறுதலாகாது. அந்தப் படத்தில் காரை எலும்புக்கு மேற்பகுதி வருவதே இல்லை, அக்குளும் முழுமையாகத் தெரிவதில்லை.

இடுப்பு மடிப்பிலோ பல இடங்களிலோ நெறி கட்டியிருந்தால், ரத்தநோய் நிபுணரைத்தான் பார்க்க வேண்டுமோ என்று நேராக அங்கே செல்கிறவர்களும் உண்டு. நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் அவரே தேவைப்படுவார். ஆனால் அது திசுவைப் பார்த்த பிறகு தெரிய வேண்டிய செய்தி. பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு தடித்த ஊசி கொண்டு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்பதே முறை. எங்கோ ஓரிடத்தில் கட்டியை அவசரமாக வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு புற்றுநோய் மருத்துவரைத் தேடுவது, அடுத்த சிகிச்சையைத் திட்டமிடுவதைச் சிக்கலாக்கிவிடும். புற்றுநோய் திரும்பியிருப்பது உறுதியானால், ஹார்மோன் ஏற்பிகளையும், புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும். அவை முதல் கட்டியில் இருந்ததுபோலவே இருக்கும் என்பதில்லை, மருந்தோ அதைப் பொறுத்தது.

கை வீக்கத்தையும் நெறியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. கணுக்களை அகற்றிய பக்கத்தில் கை மெல்ல வீங்குவது நிணநீர்த் தேக்கமாக இருக்கலாம், அதற்கு இயன்முறை மருத்துவர் உதவுவார். ஆனால் பல ஆண்டுகள் சரியாக இருந்த கை திடீரென வீங்கினால், மசாஜுக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே செல்ல வேண்டும். கீமோதெரபி நடக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலோ, முகமும் கழுத்தும் வீங்கி மூச்சுத் திணறினாலோ எந்த நிபுணரையும் தேட வேண்டாம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கே செல்லுங்கள்.

மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசும்போது, "கழுத்தில் சிறு கட்டி, நேரம் கிடைக்குமா?" என்று தயங்கிக் கேட்டால் அடுத்த மாதத் தேதி கிடைக்கும். "இன்ன ஆண்டில், இன்ன பக்கத்து மார்பகத்தில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றேன், பத்து நாட்களாகக் காரை எலும்புக்கு மேல் புதுக் கட்டி இருக்கிறது" என்று சொல்லுங்கள். செல்லும்போது பழைய நோய்க்கூற்று அறிக்கை (திசுப் பரிசோதனை முடிவு), உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், கட்டியை முதலில் கவனித்த தேதி, அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் அது எந்தக் கையில் என்ற விவரம் ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.