பனி கொட்டும் நாட்களில் வீட்டுக்குள் என்ன செய்வது: நிட்டிங்கும் சில சில்லறை விளையாட்டுகளும்

பனிப்புயல் வருகிறது என்று தெரிந்ததும் சாப்பாட்டுச் சாமான், மருந்து, பேட்டரி எல்லாம் வாங்கி அடுக்கிவிடுவோம். முதல் நாள் ஜாலியாகத்தான் போகும். இரண்டாம் நாள் மதியம்தான் தொல்லை ஆரம்பிக்கும்: சாப்பிட்டாயிற்று, தூங்கியும் ஆயிற்று, போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது, கதவைத் திறந்தால் முழங்கால் அளவு பனி, வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழத் தொடங்கியிருப்பார்கள். இதை எழுதுவது அந்த மதியத்துக்காகத்தான்.

நிட்டிங்கை, அதாவது இரண்டு நீள ஊசிகளால் நூலைப் பின்னித் துணியாக்குவதை, முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரண்ட் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம், கை பழகிவிட்டால் காதும் வாயும் சும்மாதான் இருக்கும் என்பதால் கதை கேட்டுக்கொண்டோ அரட்டை அடித்துக்கொண்டோ செய்யலாம். ஒரே ஒரு விதி: வீட்டில் இப்போது இருக்கும் நூலில் முடிகிற வேலையை மட்டும் தொடங்குங்கள். ஸ்வெட்டர் பின்ன ஆசை எல்லோருக்கும் வரும். பாதியில் நூல் தீர்ந்தால் கடை திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், திறந்தாலும் அதே சாயத்தில் தோய்த்த நூல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. லேபிளில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் சாயத் தொகுதியின் எண் ஒன்று இருக்கும். அது மாறினால், உருண்டையாக இருக்கும்போது ஒன்றேபோலத் தெரிந்த இரண்டு நீலமும் பின்னி முடித்தபின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடாகக் காட்டிக்கொடுக்கும். ஆகவே மஃப்ளர், தொப்பி, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நூல் நடுத்தரத் தடிமனில் இருக்கட்டும். பல லேபிள்களில் நூல் உருண்டைப் படத்துக்குள் 4 என்று போட்டிருக்கும், அதுதான். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 200 மீட்டர் வரும். வெளிர் நிறமாக எடுங்கள், கறுப்பும் கருநீலமும் அழகுதான், ஆனால் பனிக்கால மங்கல் வெளிச்சத்தில் கண்ணி (பின்னல் வளையம்) எது இடைவெளி எது என்றே தெரியாது. புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் வேண்டவே வேண்டாம், தப்பானால் பிரிக்க முடியாது. ஊசி 5 மி.மீ., முடிந்தால் மூங்கில். உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கிக்கொண்டு ஓடும், மூங்கில் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தரிக்கோலும், முனை மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்றும் போதும்.

சரி, தொடங்கலாம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. நூல் நுனியில் சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழையுங்கள், நூல் பின்பக்கம் இருக்க வேண்டும். நூலை வலது ஊசி முனையில் கடிகாரச் சுற்றுக்கு எதிராக ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னால் இழுங்கள். புதுக் கண்ணி கிடைத்துவிட்டது, அதையும் இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இப்படியே 36 கண்ணிகள். அடுத்த வரிசையிலும் இதே அசைவுதான், ஒரே வித்தியாசம், புதுக் கண்ணி வலது ஊசியில் தங்கும், பழையதை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். இதுதான் நிட். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து. எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டால் ஓரம் சுருளாத, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் துணி வரும். அகலம் 20 செ.மீ.க்குப் பக்கத்தில் நிற்கும், 150 செ.மீ. நீளம் வந்தால் மஃப்ளர் தயார். இரண்டு உருண்டை நூல் தேவைப்படும்.

முதல் சில வரிசைகள் கோணல்மாணலாகத்தான் வரும், கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் பத்து வரிசைக்கு ஒரு தடவை கண்ணிகளை எண்ணுங்கள். 36 போட்டது 39 ஆகியிருந்தால் பெரும்பாலும் கோளாறு ஓரத்தில்தான். வரிசையைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிடுவோம். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் அடியில் இருக்கும் இரண்டு கால்களும் ஊசி மேல் ஏறி இரண்டு கண்ணிகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நாமும் இரண்டாகவே நினைத்துப் பின்னிவிடுவோம். மஃப்ளர் மெல்ல முறமாக விரிவது இதனால்தான். திருப்பியதும் நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியாகப் பின்னால் கொண்டுபோங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கண்ணிதான் தெரிய வேண்டும், தெரிந்தபின் தொடருங்கள். எண்ணிக்கை குறைந்தால் வேறு கதை: எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கும். அதைத் தேடிப்பிடித்து முதலில் ஒரு சேஃப்டி பின்னில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஏணிப்படி மாதிரி கீழே ஓடிவிடும். அப்புறம் நிதானமாக அந்த இடம் வரை பிரித்துக்கொள்ளலாம்.

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேலாகத் தூக்கி ஊசியை விட்டு விலக்குங்கள். இன்னொன்று பின்னி மறுபடி அதே. கை இறுகாமல் தளர்வாகச் செய்ய வேண்டும்.

மஃப்ளர் சலித்துவிட்டதா, தொப்பிக்குப் போங்கள். என் கருத்தில் தொப்பிதான் பனி நாளுக்கு ஏற்றது, இரண்டு மூன்று நாளில் முடிந்து தலையில் ஏறிவிடும், 100 கிராம் நூல் போதும். இதற்கு பர்ல் தெரிய வேண்டும். நூலை முன்பக்கம் வைத்துக்கொண்டு, ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக முன்பக்கத்திலேயே நுழைத்து, சுற்றி, பின்பக்கம் தள்ளினால் பர்ல். 88 கண்ணி போட்டு, 2 நிட் 2 பர்ல் என்று வரிசை முழுக்கப் பின்னுங்கள், நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போதெல்லாம் நூலை இரண்டு ஊசிக்கும் நடுவாக முன்னால் கொண்டுவர மறக்காதீர்கள். 88 நான்கால் வகுபடுவதால் எல்லா வரிசையும் 2 நிட்டில் தொடங்கி 2 பர்லில் முடியும், எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊசியில் பார்க்கும்போது குழந்தைத் தொப்பி போலச் சிறுத்திருக்கும், பயப்படாதீர்கள், இந்தப் பின்னல் நன்றாக இழுபடும், 56 செ.மீ. தலைக்குச் சரியாக உட்காரும். 22 செ.மீ. உயரம் வந்ததும் இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து நிட் போட்டு 44 ஆக்குங்கள். அடுத்த வரிசையைச் சும்மா பின்னி, அதற்கடுத்ததில் மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து 22. நூலை அரை மீட்டர் விட்டு வெட்டி, பெரிய காது ஊசியில் கோத்து, 22 கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி இழுத்துச் சுருக்கி, அதே நூலால் பக்கவாட்டுத் தையலையும் போட்டுவிடலாம்.

ஊசியே இல்லையா? நான்கு விரல் போதும். நூலை விரல்களுக்கு முன்னும் பின்னுமாக வளைத்து மாட்டி, மேலே இன்னொரு சுற்றுச் சுற்றி, கீழ்ச் சுற்றை ஒவ்வொரு விரலிலிருந்தும் தூக்கி மேலாகக் கழற்றிவிட்டால் கயிறு போன்ற பின்னல் வளர்ந்துகொண்டே போகும். பிள்ளைகளை வெகுநேரம் உட்கார வைக்கும்.

சில நடைமுறை விஷயங்கள். பின்னல் குறிப்பு போனில் இருந்தால் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள், கரண்ட் போய் சார்ஜும் தீர்ந்தபின் நினைவிலிருந்து எடுக்க முடியாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பின்ன வேண்டாம். கண் வலிக்கும் என்பது ஒரு பக்கம், அக்ரிலிக் நூல் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ஜன்னலோரம் உட்கார்ந்து பகலில் பின்னுங்கள், பனி வெளிச்சத்தை எதிரொளிப்பதால் மேகமூட்ட நாளில்கூட அங்கே நன்றாகவே தெரியும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு விரல் நுனி வெடிக்கும், அந்த வெடிப்பில் நூல் மாட்டி இழுக்கும், க்ரீம் தடவிக் காய்ந்தபின் ஊசியைத் தொடுங்கள். அரை மணிக்கொரு தரம் எழுந்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். புதிதாகக் கற்பவர்கள் ஊசியை இறுக்கிப் பிடிப்பார்கள், மறுநாள் கட்டைவிரல் சொல்லும்.

கை ஓய்கிற நேரத்துக்கு ஜன்னலுக்கு வெளியே கொட்டிக் கிடப்பதையே பாருங்கள். கருநிறக் கம்பளிக் கையுறையையோ ஒரு கறுப்புத் துணியையோ கால் மணி நேரம் வெளியே வைத்துக் குளிரவிட்டு, பனி விழும்போது நீட்டுங்கள். துணி குளிர்ந்திருந்தால் உடனே உருகாது. பூதக்கண்ணாடியில் ஆறு கை விரித்த படிகங்கள் தெரியும், மூச்சை மட்டும் அதன் மேல் விடாதீர்கள். மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய மேகத்தில்தான் கிளை கிளையாக விரியும் பெரிய நட்சத்திரங்கள் வளரும். மைனஸ் 5 பக்கம் ஊசிகளும் குட்டித் தூண்களும், மைனஸ் 2 பக்கம் மெல்லிய தகடுகளும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி 1885இல் முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்தார், பிறகு 5,000க்கும் மேல் எடுத்துத் தள்ளினார். ஜப்பானில் இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா 1936இல் ஆய்வகத்திலேயே படிகம் வளர்த்துக் காட்டியபோது, அது தொற்றி வளர இடம் கொடுத்தது ஒரு முயல் முடி.

காகிதத்தில் பனிநட்சத்திரம் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் எட்டுக் கையோடு வெட்டிவிடுகிறார்கள், பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, நீளப் பக்கத்தின் நடுப்புள்ளியை மையமாக வைத்து மூன்றாக மடியுங்கள், பிறகு பாதியாக. இப்போது வெட்டினால் ஆறு கை.

மிச்ச நூலுக்கும் வேலை உண்டு. இரண்டு மீட்டர் நூலின் நுனிகளை முடிந்து வளையமாக்கி, இரண்டு கையின் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் பின்னால் மாட்டுங்கள், உள்ளங்கைக் குறுக்கே ஒரு கோடு போகும். வலது ஆள்காட்டி விரலால் இடது உள்ளங்கைக் கோட்டை எடுத்து இழுங்கள், பிறகு இடது ஆள்காட்டியால் வலது கையில் இருப்பதை, விரலில் மாட்டிய இரண்டு நூலுக்கும் நடுவே புகுந்து எடுங்கள். நூற்றுக்கணக்கான நூல் உருவங்கள் இந்த நிலையிலிருந்துதான் தொடங்குகின்றன. 1898இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போன மானிடவியலாளர்கள் ஆல்ஃபிரட் ஹாடனும் ரிவர்ஸும் அங்கே பார்த்த உருவங்களைக் குறித்து வைப்பதற்காகவே எழுத்துமுறை ஒன்றை உருவாக்கி 1902இல் வெளியிட்டார்கள். புசுபுசு நூல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதற்கு வழுவழுப்பானதாக எடுங்கள்.

கும்பலாக இருந்தால் சொல் சங்கிலி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். விதியை முதலிலேயே பேசி வையுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான்: ‘மரம்’ என்று முடிந்தால் ம வரிசையில் எதுவும் சொல்லலாம், ‘மான்’ என்று முடிந்தால் ந வரிசை, ‘தேள்’, ‘யாழ்’ வந்தால் ல வரிசை, ‘ஏறு’ போன்றதற்கு ரகரம். பின்னிக்கொண்டே ஆடலாம். சீட்டுக்கட்டு, ஜிக்சா பற்றிச் சொல்லவே வேண்டாம், ஜிக்சாவை மட்டும் பெரிய அட்டையின் மேல் அடுக்குங்கள், சாப்பிட மேசை வேண்டுமென்றால் அப்படியே கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம்.

பனியை அள்ளக் கூப்பிட்டார்கள் என்று நடுவரிசையில் ஊசியைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள், திரும்பி வந்தால் எந்தத் திசையில் பின்னிக்கொண்டிருந்தோம் என்று குழம்பும். வரிசையை முடித்து, எத்தனையாவது வரிசை என்று தாளில் குறித்து, ஊசி முனைகளில் ரப்பர் பேண்ட் சுற்றி வையுங்கள், கண்ணி கழலாது.